கோட்பாட்டு உயிரியல்: வந்த வழியும் வகுத்தவர்களும்

மலர்க் கட்டுரையை அடிக்கல் நாட்டு விழாவிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நம் துறைக்கு அப்படி ஓர் அடிக்கல்லைக் காட்ட முடியாது. உயிர் என்றால் என்ன என்று கேட்டு, அதற்கு விடை காண நுண்ணோக்கியோடு கணக்கும் தர்க்கமும் வேண்டும் என்று நம்பியவர்கள் பல ஊர்களில் தனித்தனியாக இருந்தார்கள். சிலர் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். சிலர் நாடு விட்டு நாடு போனார்கள். முதலில் கதவைத் திறந்துவிட்டவர் வதைமுகாமில் மாண்டார். நாம் எல்லோரும் அவர்கள் வழி வந்தவர்கள். அவர்களை வரிசையாக நினைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

வியன்னா நகரின் பிராட்டர் பூங்காவில் 1873ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய மீன்காட்சியகம் ஒன்று இருந்தது. அதை ஹான்ஸ் பிஷிப்ராம் என்ற விலங்கியலாளரும், லியோபோல்ட் ஃபான் போர்ட்ஹைம், வில்ஹெல்ம் ஃபிக்டோர் என்ற இரு தாவரவியலாளர்களும் சேர்ந்து விலைக்கு வாங்கினார்கள். அரசு பணம் தரவில்லை. மூவரும் தங்கள் குடும்பச் சொத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள். 1903இல் அது உயிரியல் சோதனை நிலையமாகத் திறக்கப்பட்டது. ஊரார் வாயில் அது 'விவாரியம்' என்றே நிலைத்தது.

சாராயக் குப்பிகளில் மிதக்கும் உடல்களை அறுத்துப் பார்ப்பதே பெரும்பாலும் விலங்கியல் என்று இருந்த காலம் அது. விவாரியத்தில் உயிரினங்கள் உயிரோடு, தலைமுறை தலைமுறையாக, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள் வைக்கப்பட்ட அறைகளில் வளர்ந்தன. பிஷிப்ராம் அங்கே கும்பிடுபூச்சிகளை வளர்த்தார். குஞ்சாக வெளிவந்த நாளிலிருந்து ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பிறகும் எடை போட்டார், கால் நீளத்தை அளந்தார். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் எடை இரு மடங்காகிறது. நீளம் ஏறத்தாழ 1.26 மடங்காகிறது. 1.26 என்பது இரண்டின் கனமூலம். கண்ணாடித் தொட்டிக்குள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பூச்சியின் உடம்பில் கனமூலக் கணக்கு ஒளிந்திருந்தது. இன்றும் பூச்சியியல் பாடத்தில் இது பிஷிப்ராம் விதி என்ற பெயரோடு நிற்கிறது. எங்கே நம் துறை பிறந்தது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தத் தொட்டியைத்தான் சொல்வேன்.

1914இல் நிறுவனர்கள் மூவரும் விவாரியத்தை வியன்னா அறிவியல் கழகத்துக்கே நன்கொடையாகக் கொடுத்தார்கள். நடத்துவதற்கு மூலதனத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதே ஆண்டில் போர் வந்தது. போருக்குப் பின் வந்த பணவீக்கத்தில் அந்த மூலதனம் கரைந்துபோனது. ஆய்வு மட்டும் நிற்கவில்லை.

போர்க்காலத்திலேயே ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இன்னொரு விளக்கு ஏற்றப்பட்டது. டார்சி தாம்சன் அங்கே 1884 முதல் விலங்கியல் கற்பித்து வந்தவர். கிரேக்கமும் கணிதமும் சேர்ந்தே படித்தவர். அவருடைய 'வளர்ச்சியும் வடிவமும்' 1917இல் வெளிவந்தது. ஒரு மீனின் படத்தின்மேல் கட்டங்கள் போட்டு, அந்தக் கட்டங்களை வளைத்தால் அடுத்த இன மீன் வந்து நிற்பதை அவர் வரைந்து காட்டினார். எண்பத்தாறு வயதில் விமானமேறி இந்தியாவுக்கு வந்து, 1947 ஜனவரியில் டில்லியில் நேரு தலைமையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் அவர் கலந்துகொண்டதை நம் நாட்டு மாணவர்கள் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

1920களில் ஒரு சிறிய தடங்கல் பெரிய நன்மையாக முடிந்தது. லண்டனில் மருத்துவ மாணவர்களுக்கு உயிரியல் நடத்திவந்த ஜோசப் ஹென்றி வுட்ஜர், 1926இல் விடுப்பு எடுத்துக்கொண்டு விவாரியத்துக்கு வந்தார். புழுக்களின் உடற்பகுதியை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டவைக்கும் நுட்பத்தைப் பிஷிப்ராமிடம் கற்றுக்கொள்வது அவர் எண்ணம். வந்து பார்த்தால் நிலம் உறைந்து கிடந்தது. தோண்டவும் முடியவில்லை, புழுவும் கிடைக்கவில்லை. கையில் வேலை இல்லாமல் வியன்னாக்காரர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார். உயிரியலில் நாம் பயன்படுத்தும் சொற்களுக்கு என்னதான் பொருள், எதை வைத்து எதை நிறுவுகிறோம் என்று பேச்சு வளர்ந்தது. ஊர் திரும்பியவர் ஆய்வகத்தைவிடத் தத்துவத்தில் ஆழ்ந்தார். 1929இல் 'உயிரியல் கொள்கைகள்' என்ற நூலைத் தந்தார். அந்தக் குளிர்காலத்தில் புழு கிடைத்திருந்தால் நம் வரலாறு வேறு வழியில் போயிருக்கும்.

வுட்ஜர் கொண்டுவந்த நெருப்பு 1932இல் பற்றியது. லண்டனுக்கு வெளியே எப்சம் டவுன்ஸில் இருந்த அவருடைய வீட்டில் அந்தக் கோடையில் சில நண்பர்கள் கூடினார்கள். தங்களைக் 'கோட்பாட்டு உயிரியல் கழகம்' என்று அழைத்துக்கொண்டார்கள். கழகம் என்றதும் பெரிய அமைப்பை நினைத்துவிடக் கூடாது. அது ஒரு வீட்டுக் கூட்டம். ஆனால் வந்தவர்கள் யார்? முட்டையின் வேதியியலை எழுதிய ஜோசப் நீடம், தசையின் வேதியியலை ஆராய்ந்த அவர் துணைவியார் டோரத்தி நீடம், கருவளர்ச்சியை ஆராய்ந்த வாடிங்டன், படிக ஆய்வாளர் பெர்னால், கணித மேதை டோரத்தி ரிஞ்ச். ஆக்ஸ்ஃபோர்டில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ரிஞ்ச்தான். உயிர்ப்பொருளை வெறும் வேதிப்பொருளாகக் குறைத்துவிடும் கட்சியும், அதற்கு மேல் ஏதோ ஓர் உயிர்ச்சக்தி உண்டு என்னும் கட்சியும் ஐம்பது ஆண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, அமைப்பொழுங்கு என்ற மூன்றாவது வழியை எடுத்தார்கள். அணுக்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன, அந்த ஒழுங்கு எப்படிக் காக்கப்படுகிறது என்பதே கேள்வி என்றார்கள். வியன்னாவில் இதே வழியில் சிந்தித்த பெர்டலன்ஃபியின் நூலை வுட்ஜர் ஆங்கிலமாக்கி 1933இல் வெளியிட்டார்.

கேம்பிரிட்ஜில் இதற்கென்று ஒரு நிலையம் அமைக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். கணிதரும் இயற்பியலாளரும் வேதியியலாளரும் கருவியலாளரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது திட்டம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் விண்ணப்பித்தார்கள். பேச்சு நீண்டது. கடைசியில் அறக்கட்டளை கைவிரித்துவிட்டது. கட்டடம் வரவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் நண்பர்களும் சிதறத் தொடங்கினார்கள். ரிஞ்ச் அமெரிக்கா போனார். நீடம் போர்க்காலத்தில் சீனா சென்று, அந்நாட்டு அறிவியல் வரலாற்றுக்கே தம் மீதி வாழ்நாளைக் கொடுத்தார். இந்த ஏமாற்றத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு கழித்து இதற்கு ஒரு மறுமொழி வரப்போகிறது.

அதே காலத்தில் மற்ற இடங்களிலும் முதல் முயற்சிகள் நடந்தன. 1935இல் ஹாலந்தின் லைடன் நகரில் கோட்பாட்டு உயிரியலுக்கென்றே 'ஆக்டா பயோதியரெடிகா' என்ற இதழ் தொடங்கியது. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நிக்கோலஸ் ரஷெவ்ஸ்கி, சிகாகோவில் 1939இல் கணித உயிரியற்பியல் இதழைத் தொடங்கினார். நரம்பணுக்களைத் தர்க்க வாய்பாடுகளாக எழுதிக் காட்டிய மெக்கல்லக், பிட்ஸ் இருவரின் புகழ்பெற்ற கட்டுரை 1943இல் அந்த இதழில்தான் வந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவின் தாய்வேரைத் தேடிப் போகிறவர்கள் நம் வீட்டு முற்றத்துக்கே வந்து சேர்வார்கள்.

இனி வருவது எழுதக் கை நடுங்கும் பகுதி. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தார்கள். பிஷிப்ராம் யூதர். தாமே பணம் போட்டு வாங்கி, தாமே தானமாகக் கொடுத்த நிலையத்துக்குள் நுழையக்கூடாது என்று அவரைத் தடுத்தார்கள். போர்ட்ஹைம் லண்டனுக்குத் தப்பினார். பிஷிப்ராம் ஆம்ஸ்டர்டாம் போனார். அங்கும் நாஜிகள் வந்தார்கள். அவரையும் அவர் மனைவியையும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1944 மே மாதம் அங்கே அவர் இறந்தார். 1945இல் வியன்னாவுக்காக நடந்த சண்டையில் விவாரியம் கட்டடமும் எரிந்துபோனது. கும்பிடுபூச்சித் தொட்டிகள் இருந்த இடம் சாம்பலாயிற்று.

அந்த இருண்ட காலத்தின் நடுவில்தான் டப்ளினில் நம் துறையின் மிகப் புகழ்பெற்ற மேடை அமைந்தது. இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கரும் ஆஸ்திரியாவிலிருந்து விரட்டப்பட்டவர். அயர்லாந்து தலைவர் டி வலேரா அவரை அழைத்து, 1940இல் தொடங்கிய டப்ளின் உயராய்வு நிறுவனத்தில் இடம் கொடுத்தார். 1943 பிப்ரவரியில் டிரினிட்டி கல்லூரியில் 'உயிர் என்றால் என்ன' என்ற தலைப்பில் அவர் பேசினார். கடினமான பொருள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் சுமார் நானூறு பேர் வந்தார்கள். மரபுப்பொருள் சீரான அடுக்கில்லாத ஒரு படிகமாக இருக்க வேண்டும், அதில் உயிரின் முழுத் திட்டமும் குறியீடாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றார் அவர். உயிர் சுற்றுப்புறத்திலிருந்து ஒழுங்கை உண்டு வாழ்கிறது என்றார். நூல் 1944இல் கேம்பிரிட்ஜ் பதிப்பாக வந்தது. முதலில் அச்சிட ஒப்புக்கொண்ட டப்ளின் பதிப்பகம் முடிவுரையைக் கண்டு பின்வாங்கியிருந்தது. உபநிடதங்களின் ஆன்ம-பிரம்ம ஒருமையை அவர் அதில் எடுத்துப் பேசியிருந்தார்.

அந்தப் பேச்சின் அடித்தளம் 1935இல் பெர்லினில் மூவர் எழுதிய ஆய்வு. அவர்களில் ஒருவரான டிமோஃபீவ்-ரெசோவ்ஸ்கி போருக்குப் பின் சோவியத் சிறைமுகாமில் பட்டினியால் சாகும் நிலைக்குப் போய், பார்வையைப் பெரும்பகுதி இழந்து மீண்டார். ஷ்ரோடிங்கர் நூலைப் படித்தவர்களில் வாட்சனும் கிரிக்கும் வில்கின்ஸும் இருந்தார்கள். 1953 ஆகஸ்டில் கிரிக் தங்கள் டி.என்.ஏ. கட்டுரைகளை ஷ்ரோடிங்கருக்கே அனுப்பி, அவர் நூலிலிருந்து தாமும் வாட்சனும் ஊக்கம் பெற்றதைத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். ஒரு துறைக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

1950களில் இந்தக் கதை நம் ஊருக்கு வருகிறது. ஏ. லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1952இல் இயற்பியல் பேராசிரியராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். வயது முப்பது. அந்த ஆண்டிலேயே சென்னைக்கு வந்த விருந்தாளி ஒருவர், தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜனின் அமைப்பு இன்னும் தீரவில்லை, அதை எடுத்துப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த விருந்தாளி வேறு யாருமில்லை. எப்சம் டவுன்ஸ் வீட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அதே பெர்னால். இரண்டே ஆண்டில், 1954இல், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூவிழைச் சுருளை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அணுக்கள் ஒன்றையொன்று மிக நெருங்கி நிற்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நெருக்கம் வரை இயற்கை அனுமதிக்கிறது என்று அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் புரட்டித் தேடினார்.

அந்தத் தேடல் 1963இல் கனிந்தது. ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் எழுதிய சிறு கட்டுரை அது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திருப்பக்கூடிய மூட்டு இரண்டு உண்டு. இரண்டு கோணங்களையும் இரு அச்சாக வைத்து ஒரு சதுரம் போட்டால், அதில் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட இடம். அங்கே அணுக்கள் இடித்துக்கொள்ளும். மீதமிருக்கும் சில தீவுகளில்தான் புரதத்தின் கண்ணிகள் பெரும்பாலும் நிற்க முடியும். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் ஆசிரியர் எங்களை உட்காரவைத்து, கிராஃப் தாளில் இந்தப் படத்தைப் புள்ளி புள்ளியாகப் போடச் சொன்னார். கம்பி மாதிரியைக் கையில் பிடித்துப் பத்து பாகை திருப்புவது, அணு இடிக்கிறதா என்று அளப்பது, பென்சிலால் ஒரு குறி. மாலைக்குள் விரல் வலித்தது. ஆனால் தாளின் இடது மேல் மூலையில் தீவு ஒன்று தானாக எழுந்து வந்தபோது வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. உலகின் எந்த மூலையில் புதிய புரத அமைப்பு தீர்க்கப்பட்டாலும் இன்றைக்கும் இந்தச் சென்னைப் படத்தில் வைத்துத்தான் அதைச் சரிபார்க்கிறார்கள்.

பெர்னால் மூலம் வந்த இன்னொரு கிளையும் சென்னையைத் தொடுகிறது. இலங்கையின் காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும, 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் பெற்றவர். பிறகு லண்டன் சென்று பெர்னாலிடம் வேதியியல் கற்றார். அமெரிக்காவில் நாசாவின் ஆய்வகத்தில், 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் பூமிக்கு அப்பால் உருவான அமினோ அமிலங்கள் இருப்பதை அவருடைய குழு 1970இல் அறிவித்தது. தத்துவ வகுப்பிலிருந்து விண்கல்லுக்குப் போகும் பாதை நம் துறையில்தான் உண்டு.

ஹால்டேனைச் சொல்லாமல் இந்தியப் பகுதியை முடிக்கலாகாது. உயிரின் தோற்றம் பற்றி 1929இல் எழுதிய அந்தப் பெரியவர் 1957இல் கல்கத்தாவுக்கு வந்தார், இந்தியக் குடிமகன் ஆனார், வேட்டி ஜிப்பாவில் நடந்தார், சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழில் எழுதினார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் கற்பதற்காகக் கொடுக்கப்பட்டது.

1961இல் ஜேம்ஸ் டேனியலி தொடங்கிய 'கோட்பாட்டு உயிரியல் இதழ்' மற்றவர்கள் தயங்கியவற்றுக்கு இடம் கொடுத்தது. உறவினருக்காகத் தன்னை இழக்கும் உயிரினத்தைக் கணக்கில் கொண்டுவந்த ஹாமில்டனின் 1964 கட்டுரை அதில் வந்தது. செல்லின் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியே வாழ்ந்த பாக்டீரியா என்று சொன்ன லின் மார்குலிஸின் கட்டுரையைப் பதினைந்து இதழ்கள் வரை திருப்பி அனுப்பியிருந்தன. 1967இல் நம் இதழ் அதை அச்சிட்டது.

இப்போது அந்த மறுமொழிக்கு வருவோம். 1966இல், எப்சம் டவுன்ஸ் நண்பர்களில் ஒருவரான வாடிங்டன், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உள்ள வில்லா செர்பெல்லோனி மாளிகையில் கோட்பாட்டு உயிரியல் மாநாட்டைக் கூட்டினார். 1970 வரை நான்கு முறை கூடினார்கள். கணிதர் ரெனே தோம், இயற்பியலாளர் டேவிட் போம், மேனார்ட் ஸ்மித், வோல்பர்ட், குட்வின், அப்போது இளைஞராக இருந்த காஃப்மன் என்று வந்தவர்கள் பட்டியல் நீளும். 'கோட்பாட்டு உயிரியலை நோக்கி' என்ற நான்கு தொகுதிகள் 1968 முதல் 1972 வரை வந்தன. அந்த மாளிகையின் உரிமையாளர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. 1930களில் கைவிரித்த அதே அறக்கட்டளையின் கூரையின்கீழ், அன்று விண்ணப்பம் எழுதிய நண்பர்களில் ஒருவரே தலைமையில் உட்கார்ந்திருந்தார். வாடிங்டன் 1975இல் மறைந்தார். இதைப் பார்க்கும் பேறு அவருக்காவது கிடைத்தது.

1970களில் உயிர் என்றால் என்ன என்ற கேள்விக்கு நேரடியான விடைகள் வந்தன. புடாபெஸ்டில் திபோர் காந்தி 1971இல் ஹங்கேரிய மொழியில் ஒரு நூல் எழுதினார். தன்னைப் பெருக்கும் வேதிச் சுழற்சி, தகவல் தாங்கும் மூலக்கூறு, இரண்டையும் அடைத்து நிற்கும் சவ்வு. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கினால் அது உயிர் என்றார். இரும்புத்திரைக்கு அப்பால் எழுதிய அந்தச் சிந்தனை விரிவான ஆங்கில நூலாக உலகை எட்ட 2003 வரை ஆயிற்று. சிலியில் மாதுரானாவும் அவர் மாணவர் வரேலாவும், தன் பாகங்களைத் தானே ஆக்கி அந்தப் பாகங்களால் தானே ஆக்கப்படுவது உயிர் என்றார்கள். 1973 செப்டம்பரில் சாந்தியாகோவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வரேலா குடும்பத்தோடு கோஸ்டாரிகாவுக்குப் போனார். இந்தக் கருத்தை விளக்கிய அவர்கள் கட்டுரை 1974இல் வெளிவந்தது. சிகாகோவில் ரஷெவ்ஸ்கியின் குழு 1954இலேயே நிதி வெட்டப்பட்டுச் சுருங்கியிருந்தது. அவர் 1972இல் மறைந்தார். அவருடைய மாணவர் ராபர்ட் ரோசன் அதே இழையை விடாமல் நூற்று 1991இல் 'உயிர் எனப்படுவது' நூலில் முடித்துக் கொடுத்தார்.

பின்வந்த பத்தாண்டுகள் அனைவரும் அறிந்தவை என்பதால் விரைவாகக் கடக்கிறேன். 1987இல் லாஸ் அலமோஸில் செயற்கை உயிர் பற்றிய முதல் பயிலரங்கு நடந்தது. 1990களில் நாசா குழு ஒன்று, தன்னைத்தானே தாங்கிக்கொண்டு டார்வினிய வழியில் பரிணமிக்கக்கூடிய வேதி அமைப்பே உயிர் என்று வரையறுத்தது. 2016இல் கிரெய்க் வென்டர் குழு 473 மரபணுக்கள் மட்டும் உள்ள செல்லைக் கட்டி வளர்த்தது. அவற்றில் 149 மரபணுக்கள் என்ன செய்கின்றன என்பது கட்டியவர்களுக்கே அப்போது தெரிந்திருக்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டால் செல் வாழவில்லை என்பது மட்டும் தெரிந்தது. காந்தியின் மூன்று பாகங்களையும் ரோசனின் நூலையும் படித்த மாணவர்களுக்கு அங்கே வேலை காத்திருந்தது.

வியன்னாவும் சும்மா இருக்கவில்லை. 1990இல் நகருக்கு வெளியே ஆல்டன்பர்கில், விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸின் குடும்ப வீட்டில், அவர் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கியது. 2006 முதல் அது 'உயிரியல் கோட்பாடு' என்ற இதழை நடத்திவருகிறது. விவாரியத்தின் கதையை முழுவதும் சொல்லும் ஆய்வுத் தொகுதி ஒன்றை, அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த கெர்ட் முல்லர் தொகுத்து 2017இல் வெளியிட்டார். கும்பிடுபூச்சியை எடை போட்ட கையும், போட்ட பணத்தை மறந்த மனமும் அதில் பெயரோடு பதிவாகியிருக்கின்றன.